1958 மொறிஸ் மைனர்: சூடானதும் நின்றுவிடுகிறது. பம்ப், கொண்டென்சர், ரோட்டர் எங்கே கிடைக்கும்?

கொக்குவில்_மைனர் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 என்னிடம் இருக்கிறது. 1958 ஆம் ஆண்டு வண்டி, நான்கு கதவு, 948 சீசீ எஞ்சின், ஸ்ரீ இலக்கத் தகடு. அப்பா காலமானபின் பல ஆண்டுகள் கொட்டிலில் கோழிகளுக்கு வீடாக நின்றது. 2022 இல் வாகனத்துக்கு இவ்வளவு என்று கியூஆர் பார்த்துப் பெற்றோல் அளந்து கொடுத்தார்களே, அந்த ஒதுக்கீட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் முதலில் தூசி தட்டினேன். 2023 இல் அந்த ஒதுக்கீடு நின்றது, வண்டியை விடத்தான் மனமில்லை.

காலையில் ஸ்ராட்டர் குமிழை இழுத்தால் உடனே பிடிக்கிறது. சாவகச்சேரிக்குப் புறப்பட்டால் கைதடி வரை ஒரு குறையும் இல்லை. பிறகு இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் பிடிக்கும். மூன்று வாரமாக இதே கூத்து.

பக்கத்துக் கராச்சில் பெற்றோல் ஆவியாகிறது என்று சொல்லி, பம்பில் ஈரத்துணி சுற்றிவிட்டார்கள். துணி காய்ந்தது, வண்டி நின்றது. பிறகு பொறிக்கு வேண்டிய உயர் அழுத்த மின்சாரத்தைத் தரும் கொயில், பிளக் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். பயனில்லை. கொழும்பில் ஒரு கடையில் தொலைபேசியில் ‘மைனர் சாமான்’ என்று கேட்டு வாங்கிய பொயின்றும் (கொயிலின் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் முனைகள்) உள்ளே சுற்றும் ரோட்டரும், பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பகிரும் என் டிஸ்ரிபியூற்றருக்குப் பொருந்தவே இல்லை. எஸ்யூ நிறுவனத்தின் பெற்றோல் பம்ப், கொண்டென்சர், ரோட்டர், தண்ணீர்ப் பம்புக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் குட்டி ரப்பர்க் குழாய், இவை நான்கும் எங்கே கிடைக்கும்?

குரொய்டன்காரன் | ஞாயிறு, இரவு 11.15

எல்லாமே இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கிறது. 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானிய கார் இதுதான். அதனால் இதற்கென்றே வாழும் உதிரிப்பாகக் கடைகள் பல உண்டு. என் 1965 வண்டிக்கு இதுவரை கிடைக்காத சாமான் ஒன்றுமில்லை. நான்கும் சேர்ந்தாலும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். பம்பை முழுதாகவே மாற்றிவிடுங்கள், தலைவலி தீரும். விரும்பினால் பட்டியல் எழுதித் தருகிறேன்.

பழைய_ஸ்பனர் | திங்கள், காலை 5.50

தம்பி, காசை மடித்துச் சட்டைப் பைக்குள் வையுங்கள். இன்னும் எந்தச் சாமான் பழுது என்றே தெரியவில்லை. அதற்குள் நான்கு சாமானுக்குக் கடை கேட்கிறீர்கள்.

அடுத்த முறை கைதடியில் நின்றதும் பொனெற்றைத் திறக்க முன் சாவியைப் போட்டுக் காதைக் கொடுங்கள். எஸ்யூ பம்ப் பேசும். நான்கைந்து தடவை டிக், டிக் என்று அடித்துவிட்டு ஓய்ந்தால், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் கிண்ணம் நிரம்பிவிட்டது, பம்ப் நலம். மூச்சு விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் அது காற்றையோ ஆவியையோ உறிஞ்சுகிறது. ஒரு சத்தமும் இல்லாவிட்டால் குழாயைக் கழற்றிப் பாருங்கள்: பெற்றோல் நிற்கிறதா, பம்ப் செத்துவிட்டதா என்று தெரியும். தாங்கியின் மூடியையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். காற்றுத் துளை அடைத்திருந்தால் ‘உஸ்’ என்று இழுக்கும்.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் தொடும்படி வைத்து, ஒருவரைக் கொண்டு ஸ்ராட்டரை இழுக்கச் சொல்லுங்கள். பொறி நீலமா மஞ்சளா என்று பார்த்து எழுதுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் நான் மருந்து சொல்ல மாட்டேன்.

ஆவியாகிறது என்று எடுத்தவுடன் சொல்பவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது இந்த மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சிப் பிடிக்க வைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவோம். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. ஆனால் அப்போதும் வெயிலில் நின்ற வண்டிகள் உண்டு. அவற்றில் பாதி மின்சாரக் கோளாறுதான்.

நல்லூர்_நிலா | திங்கள், மாலை 4.30

ஐயா மண்ணெண்ணெய்க் கதையைத் தொடங்கினால் இந்த இழை ஐம்பது பக்கம் போகும். என் மாமாவின் ஏ40 சோமசெற்றில் டிப்ஸ்ரிக் காட்டும் எண்ணெய் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனதாகச் சொல்வார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்ததுதான் காரணம். பெயரிங்குகள் எப்படித் தாங்கினவோ.

கொக்குவில்_மைனர் | புதன், இரவு 8.05

ஐயா சொன்னபடி செய்தேன். கைதடியில் சொல்லிவைத்ததுபோல நின்றது. சாவியைப் போட்டதும் பம்ப் நான்கு முறை டிக் என்றது, பிறகு அமைதி. தாங்கி மூடியில் எந்த இழுப்பும் இல்லை. பிளக்கில் பொறி மஞ்சளாக, நூல் மாதிரி வந்தது. ஒருமுறை வந்தது, அடுத்த முறை வரவில்லை. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிவிட்டு மச்சானை இழுக்கச் சொன்னேன். பிளக்கில் வரவேண்டிய நீலப் பொறி பொயின்றின் வாயில்தான் தெறிக்கிறது! பொயின்ற் முனை கறுத்துக் குழி விழுந்திருக்கிறது. 

நல்லூர்_நிலா | புதன், இரவு 8.50

அப்படியானால் முதல் சந்தேகம் கொண்டென்சர்மீது. பொயின்ற் திறக்கும் கணத்தில் கொயிலில் ஓடும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவத்தான் பார்க்கும். கொண்டென்சர் அதைக் கணநேரம் வாங்கி வைத்துக்கொள்வதால்தான் கொயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. பிளக்கில் வலுவான பொறி வருகிறது. அது வாங்காவிட்டால் பொயின்ற் தீயும், பிளக் பட்டினி கிடக்கும்.

மல்ரிமீற்றரில் அளந்தால் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்டவேண்டும். ஆனால் மேசையில் குளிராக இருக்கும்போது அளந்து நல்லது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். கூந்தல் உலர்த்தியால் ஐந்து நிமிடம் சூடாக்கிவிட்டு அளந்தபோது எண் ஊஞ்சலாடியது. உள்ளே இருக்கும் காப்பு சூட்டில்தான் கைவிடும்; உங்கள் வண்டி கைதடி வரை ஓடிவிட்டு நிற்பதும் அதனால்தான்.

பழைய_ஸ்பனர் | வியாழன், காலை 5.40

நிலா சொன்னது சரி. இன்னொரு கேள்வி. புதுக் கொயில் போட்டார்கள் என்றீர்களே, அதில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வயர் எந்தக் குறியில் இருக்கிறது?

கொக்குவில்_மைனர் | வியாழன், காலை 7.10

கழித்தலில்.

பழைய_ஸ்பனர் | வியாழன், காலை 7.15

மாற்றுங்கள். உங்கள் வண்டியில் பற்றறியின் கூட்டல் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கிறது. இக்கால வண்டிகளுக்கு நேர்மாறு. எனவே கூட்டல் டிஸ்ரிபியூற்றருக்கு, கழித்தல் சாவிக்கு. தலைகீழாகப் போட்டாலும் ஓடும், அதனால்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. ஆனால் பிளக்கின் நடு முனையிலிருந்து பாய வேண்டிய பொறி எதிர்ப்பக்கமாகப் பாயும். அதற்குக் கூடுதல் வோல்ற் வேண்டும். ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் பொறிக்கு இதுவும் சுமை. பழைய லூக்காஸ் கொயிலில் குறிக்குப் பதில் சிபி, எஸ்டபிள்யூ என்று எழுதியிருக்கும். சிபி டிஸ்ரிபியூற்றருக்கு, எஸ்டபிள்யூ சாவிக்கு. அந்தப் பழைய கொயிலை எறிந்துவிட்டார்களா?

கொக்குவில்_மைனர் | வியாழன், காலை 7.20

கராச்சில் கேட்டு வாங்கிவிடுகிறேன், ஐயா. பழைய இரும்புக்காரன் இன்னும் வரவில்லையாம்.

புதுப்பேட்டை_வாசி | வியாழன், பிற்பகல் 1.30

சென்னையிலிருந்து ஓர் எட்டிப்பார்ப்பு. என்னிடம் இருப்பது 1974 அம்பாசடர். எங்கள் வண்டியின் 1489 சீசீ எஞ்சின் உங்கள் ஊர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 இன் அதே குடும்பம். அதனால் கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் எங்கள் புதுப்பேட்டைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். மைனர் அதற்குத் தம்பி, ஏ வரிசை எஞ்சின். பிஸ்டன், கேஸ்கட், தண்ணீர்ப் பம்ப் எதுவும் ஒத்து வராது. ‘மொறிஸ் மைனருக்கும் அம்பாசடருக்கும் எல்லாம் ஒன்றுதான், சார்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். நம்பவேண்டாம்.

கடையில் வண்டியின் பெயரைச் சொல்லி எதையும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் கடைக்காரரின் நினைவில் இருப்பது வரும்; பழைய சாமானைக் கையில் கொடுத்தால்தான் உங்களுக்குத் தேவையானது வரும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் பக்கவாட்டில் துணியால் துடைத்துப் பாருங்கள். ஐந்து இலக்க எண்ணும், அதன் அருகே தயாரான காலமும் வெட்டியிருக்கும். அந்த எண்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். அறுபது ஆண்டில் எத்தனை பேர் எந்த வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி இதில் மாட்டினார்களோ, யார் கண்டது? ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு பெரியவரிடம் எண்ணைச் சொன்னேன். ஏணி வைத்து ஏறி, மூன்றாவது தட்டிலிருந்து தூசியோடு ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். அந்தத் தூசியைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

குரொய்டன்காரன் | வியாழன், இரவு 10.45

தூசிப் பெட்டியில் எனக்கு உங்கள் அளவுக்குக் காதல் இல்லை. கியர், தண்டு, பித்தளைச் சாமான் என்றால் பழைய இருப்பு தங்கம். ரப்பரும் கொண்டென்சரும் பெட்டிக்குள் இருந்தபடியே கிழடாகும். நாற்பது ஆண்டு அலமாரியில் இருந்த ‘புத்தம் புதிய’ கொண்டென்சரைப் போட்டு லூட்டனில் மழையில் நின்றவன் நான்.

புதிதாகச் செய்யப்படுவதிலும் கண் வேண்டும். மலிவான ரோட்டரில் பித்தளைத் தகட்டை ஒரு ரிவெட் பிடித்திருக்கும். அதன் அடி, தண்டுக்கு மிக அருகில் இறங்கும். உயர் அழுத்த மின்சாரம் பிளாஸ்ரிக்கைத் துளைத்து ரிவெட் வழியே தண்டுக்குப் போய்விடும். இதுவும் சூடானபின்தான் வேலையைக் காட்டும். இங்கே பலரும் வாங்குவது ரிவெட் இல்லாத சிவப்பு நிற ரோட்டர். விலை கூடுதல்தான், நான் இரண்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இங்கே 2021 செப்டெம்பர் முதல் சாதாரணப் பெற்றோலில் 10 விழுக்காடு வரை எத்தனால். பழைய ரப்பரும் தக்கையும் அதைத் தாங்காது. உங்கள் எச் வகை எஸ்யூ காபரேற்றரின் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையங்கள் இருக்கும், கசிகிறதா பாருங்கள்.

புதுப்பேட்டை_வாசி | வியாழன், இரவு 11.20

உங்களுக்குப் பத்து, எங்களுக்கு இருபது. என் பெட்ரோல் குழாய் ஓராண்டில் ஊறி, கிள்ளினால் கையோடு வந்துவிட்டது.

நேர்வழி | வெள்ளி, காலை 9.00

2020 களில் இருந்துகொண்டு பொயின்றையும் கொண்டென்சரையும் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசவேண்டுமா? டிஸ்ரிபியூற்றருக்குள்ளேயே அடங்கும் மின்னணுக் கருவி கிடைக்கிறது. இரண்டு திருகு, இரண்டு வயர். பொயின்றும் இல்லை, கொண்டென்சரும் இல்லை, இடைவெளி அளக்கும் வேலையும் இல்லை. நான் போட்டு ஆறு ஆண்டு, மூடியைத் திறந்ததே இல்லை.

பழைய_ஸ்பனர் | வெள்ளி, காலை 9.50

நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வண்டிக்குக் கூட்டல் முனை உடம்போடு சேர்ந்த வகைக்கென்று செய்ததைத்தான் வாங்கவேண்டும். மற்றதை மாட்டினால் முதல் சாவியிலேயே புகை. சரியானதை வாங்கினாலும், ஆனையிறவு நடுவில் அது கண்ணை மூடினால் என்ன செய்வீர்கள்? பொயின்ற் என்றால் நெருப்புப் பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்து, இடைவெளியைக் கண் மட்டத்துக்கு வைத்து வீடு வந்து சேரலாம். நான் வந்திருக்கிறேன்.

நேர்வழி | வெள்ளி, காலை 10.05

அதற்குத்தான் டிக்கிக்குள் பழைய பொயின்ற் தட்டை வைத்திருக்கிறேன்.

பழைய_ஸ்பனர் | வெள்ளி, காலை 10.07

பிறகென்ன, நீங்களும் நம் ஆள்தான்.

கொக்குவில்_மைனர் | ஞாயிறு, மாலை 6.30

கொயில் வயர்களை மாற்றினேன். ஸ்ரான்லி வீதியில் கையில் பழையதை வைத்துக்கொண்டு தேடியதில் கொண்டென்சர் கிடைத்தது; உருவம் வேறு, அளவு 0.22. நிலா அக்கா தனிமடலில் சொன்னபடி அதை டிஸ்ரிபியூற்றருக்கு வெளியே, கொயிலைப் பிடிக்கும் திருகில் இறுக்கி, அதன் வயரைக் கொயிலின் டிஸ்ரிபியூற்றர்ப் பக்கத்தில் மாட்டினேன். உள்ளே இருந்த பழையதைக் கழற்றிவிட்டேன். அதை விட்டுவைத்தால் கெட்டது நல்லதையும் கெடுக்குமாம்.

பொயின்றைப் புதிதாக மாட்டி, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குக்கு வைத்தேன். இழுத்தேன். செத்த பாம்பு. ஒரு பொறிகூட இல்லை. முன்பு கைதடி வரையாவது போனது!

பழைய_ஸ்பனர் | ஞாயிறு, மாலை 6.45

பொயின்றின் வில் வந்து சேரும் சிறு தண்டில் ஒரு கறுப்புக் காப்பு வளையம் இருக்குமே. வயரின் காதை அந்த வளையத்துக்கு மேலே வைத்தீர்களா, கீழேயா? காது வில்லைத் தொடவேண்டும். தண்டையும் நட்டையும் தொடவே கூடாது. தொட்டால் பொயின்ற் எப்போதும் மூடியிருப்பதுபோலத்தான், பொறி வராது. நான் பயிலுநராக இருந்தபோது இதற்காக வாங்கிய குட்டு இன்னும் தலையில் இருக்கிறது.

கொக்குவில்_மைனர் | ஞாயிறு, இரவு 7.25

அதேதான். காதைச் சரியான இடத்தில் வைத்ததும் முதல் இழுப்பிலேயே பிடித்தது. நாளை சாவகச்சேரி.

கொக்குவில்_மைனர் | திங்கள், இரவு 9.10

போய்த் திரும்பிவிட்டேன்! கைதடியைத் தாண்டும்போது மச்சான் காரை நிறுத்தித் தேங்காய் உடைக்கச் சொன்னான். நிறுத்தினால் திரும்பப் பிடிக்குமோ என்ற பயத்தில் நான் நிறுத்தவில்லை.

ஒரு புதுக் குறை. மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை. மேலும் அழுத்தும் கணத்தில் ஒரு வெட்டு, பிறகு சரியாகிவிடுகிறது. முன்பும் இருந்ததோ என்னவோ, பெரிய நோயில் சின்ன நோய் தெரியவில்லை.

பழைய_ஸ்பனர் | செவ்வாய், காலை 5.45

மூடியைக் கழற்றி, காபரேற்றரிலிருந்து வரும் மெல்லிய வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சுங்கள். பொயின்ற் தட்டு சற்றுத் திரும்பவேண்டும். நீங்கள் அக்ஸிலரேற்றரை அழுத்தும்போதெல்லாம் அந்தத் தட்டு அசைகிறது. தட்டோடு சேர்ந்து அசையும் இரண்டு குட்டி வயர்கள் உண்டு: ஒன்று வெளி முனையிலிருந்து பொயின்றுக்கு, மற்றது தட்டிலிருந்து உடலுக்கு. ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேலே துணியுறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

கொக்குவில்_மைனர் | செவ்வாய், இரவு 8.00

இழுத்தேன், உடலுக்குப் போகும் வயர் கையோடு வந்துவிட்டது. ஒரேயொரு இழையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை! இதற்குச் சாதாரண வயர் போடலாமா? அத்தோடு, வெளி முனையின் நட் உருண்டு எங்கோ போய்விட்டது. கடையில் 5 மில்லிமீற்றர் நட் தந்தார்கள். ஏறுகிறது, ஆனால் இறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நல்லூர்_நிலா | செவ்வாய், இரவு 8.40

சாதாரண வயர் ஒரு மாதத்தில் வளைந்து வளைந்து அறுந்துவிடும். மின்னணுச் சாமான் கடையில் ஈயப் பற்றை உறிஞ்சி எடுக்கும் செப்புப் பின்னல் சுருளாகக் கிடைக்கும். உடலுக்குப் போகும் வயருக்கு அது போதும். பற்றுவைக்கும்போது ஈயம் பின்னலுக்குள் நெடுக ஊறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊறிய இடம் கம்பியாகிவிடும். பொயின்ற் வயருக்குக் காப்பு வேண்டும். மல்ரிமீற்றர் முனைகளின் மெத்தென்ற சிலிக்கோன் வயரை வெட்டிப் போடுங்கள். உள்ளே மயிரிழைபோல் நூற்றுக்கணக்கான இழை. என் மல்ரிமீற்றர் இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறது.

குரொய்டன்காரன் | செவ்வாய், இரவு 11.30

அந்த நட் 2 பிஏ. பிரித்தானிய மின்சாரச் சாமான்களுக்கென்று இருந்த மரை வரிசை. அதன் தண்டு 4.7 மில்லிமீற்றர், பல் இடைவெளி 0.81. 5 மில்லிமீற்றர் மரைக்குப் பல் இடைவெளி 0.8. அதனால்தான் இனிமையாக ஏறி, இறுக்கும்போது கைவிடுகிறது. எஸ்யூ பம்பின் முனையும் 2 பிஏ தான். எஞ்சினின் மற்றப் பெரும்பாலான திருகுகள் யூஎன்எஃப் என்ற அங்குல மரை வரிசை. கால் அங்குல யூஎன்எஃப் மரையில் அங்குலத்துக்கு 28 பல், அதே தடிப்புள்ள பழைய பிரித்தானிய மரையான பிஎஸ்எஃபில் 26. இரண்டு சுற்று ஏறியபின் இறுகினால் ஸ்பனரால் வெல்லப் பார்க்காதீர்கள். ஒரு கைப்பிடி 2 பிஏ நட்டும் அந்தக் குட்டிக் குழாயும் கடித உறையில் அனுப்புகிறேன். முகவரியைத் தனிமடலில் தாருங்கள், காசு வேண்டாம்.

குழாய் மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்திபோல இருக்கும். ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. பழையதை வெட்டி எடுத்துவிட்டு, புதியதில் சவர்க்காரம் பூசி, கிளிப்புகளை முதலிலேயே கோர்த்து, நெருக்கிப் பிடித்துச் செருகுங்கள். கிளிப்பின் திருகு உங்கள் பக்கம் பார்க்கட்டும். நான் மறுபக்கம் வைத்துவிட்டு, இறுக்க முடியாமல் ரேடியேற்றரையே கழற்றினேன்.

புதுப்பேட்டை_வாசி | புதன், காலை 10.10

எங்கள் ஊர்ச் சந்தைகளைத்தான் பழைய சாமான் கடல் என்று நினைத்திருந்தேன். உங்கள் தீவில், காலியில் இருந்த ஒரு பட்டறை மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கே அனுப்பியதைப் படித்தபோது தொப்பியைக் கழற்றினேன்.

கொக்குவில்_மைனர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7.50

குரொய்டன் அண்ணாவின் உறை வந்துவிட்டது. 2 பிஏ நட் கையாலேயே இறுகுகிறது. பின்னல் வயர் போட்டபின் அந்த வெட்டு இல்லை. குழாயை மாற்ற எனக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. இரண்டு விரல் முட்டித் தோல் போனது. கிளிப்பின் திருகு என் பக்கம் பார்க்கிறது. பெற்றோல் பம்பைத் தொடவே இல்லை, அது 1958 இலேயே இருக்கட்டும்.

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை வரை போய் வந்தேன். நெல்லியடியில் தேநீருக்கு நிறுத்திவிட்டுத் திரும்ப இழுத்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிடித்தது.

ஒரு விளம்பரம்: கராச்சில் போட்ட புதுக் கொயில் ஒன்று விற்பனைக்கு. பழைய லூக்காஸ் கொயிலைத் துடைத்துப் போட்டேன், அதுவே ஓடுகிறது.

பழைய_ஸ்பனர் | ஞாயிறு, இரவு 8.00

விற்காதீர்கள். டிக்கிக்குள் போடுங்கள்.

கொக்குவில்_மைனர் | ஞாயிறு, இரவு 8.02

போட்டுவிட்டேன், ஐயா.